மாற்றப்பட்ட போர்க்கால ஜீப்பை மூல நிலைக்குக் கொண்டுவரும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாக

கொழும்பில் இன்று ஓடும் பழைய வில்லிஸ் ஜீப்புகளில் தொழிற்சாலையை விட்டு வந்த கோலத்திலேயே இருப்பது மிக அரிது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. போர் முடிந்த பின் படையின் ஜீப்புகள் தோட்டங்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் கைமாறின. வாங்கிய ஒவ்வொருவரும் தன் தேவைக்கு ஏற்ப எதையாவது மாற்றினார்கள். பெற்றோல் எஞ்சினை எடுத்துவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் வைத்தார்கள், 6 வோல்ட்டை 12 ஆக்கினார்கள், பின்பக்கத் தகட்டை வெட்டிக் கதவு போட்டார்கள், அகலமான ரயர் பூட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மாற்றங்கள் இல்லாவிட்டால் பல ஜீப்புகள் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

என் ஜீப் ஹட்டன் பக்கத்திலிருந்து டீசல் எஞ்சினோடு வந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகைக் கொட்டிலில் வைத்து அதைப் பழையபடி ஆக்க நாலு வருடம் எடுத்தது. அந்த நாலு வருடமும் கூட நின்ற மெக்கானிக் பாஸ், சேசியை (வண்டியின் அடிச்சட்டத்தை) காட்டி முதல் நாளே சொன்னது இது: “தம்பி, சேசியில இருக்கிற ஒரு ஓட்டையையும் அடைச்சுப் போடாதையும். எந்த ஓட்டை எவன் போட்டதெண்டு தெரிஞ்சாப் பாதி வேலை முடிஞ்சுது.” இதுதான் இந்த வேலையின் அடிப்படை. மூல உறுப்பும் பின்னால் வந்த உறுப்பும் சந்திக்கும் இடத்தில்தான் கோளாறு பிறக்கும். அறிகுறி எங்கே தெரிந்தாலும் முதலில் அந்தச் சந்திப்பைத் தேடுங்கள்.

வாங்கிய உறுப்பு பொருந்தவில்லை

உறுப்பைக் குறை சொல்லும் முன் உங்களிடம் இருப்பது எந்த ஜீப் என்று பாருங்கள். போர்க்காலத்தில் வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ என்று இரண்டு இருந்தன. 1945இல் பொதுமக்களுக்கான சிஜே-2ஏ வந்தது. பிறகு இந்தியாவில் மஹிந்திரா செய்தவையும் இங்கே நிறைய இருக்கின்றன. எட்ட நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

முன் கிரில்லில் செங்குத்து இடைவெளிகளை எண்ணுங்கள். அழுத்தித் தகட்டில் செய்த போர்க்காலக் கிரில்லில் 9 இருக்கும், சிஜேயில் 7. போர்க்கால ஜீப்பில் பெற்றோல் தாங்கி சாரதி ஆசனத்துக்குக் கீழே, மூடியும் அங்கேயே. சிஜேயில் மூடி பாடியின் பக்கவாட்டில் இருக்கும். போர்க்கால ஜீப்புகள் எல்லாம் இடப்பக்க ஸ்டியரிங்தான். ஆகவே வலப்பக்க ஸ்டியரிங் உள்ள ஒன்றை எம்பி என்று விற்றால், ஒன்றில் அது வேறு வண்டி, இல்லாவிட்டால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

எம்பியையும் ஜிபிடபிள்யூவையும் பிரிக்க ரேடியேட்டருக்குக் கீழே குனிந்து பாருங்கள். சேசியின் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த ‘ப’ வடிவத் தகடாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு உறுப்புகளில், போல்ட் தலையில்கூட, ‘எஃப்’ எழுத்து அச்சாகி இருக்கும். ஒரு எச்சரிக்கை: சேசி ஃபோர்டு, பாடி வில்லிஸ், கிரில் சிஜே என்று மூன்றும் கலந்த வண்டிகள் இங்கே சாதாரணம். சேசியைத்தான் நம்ப வேண்டும். பாடி எத்தனையோ முறை மாறியிருக்கலாம்.

போல்ட் பாதி போய் இறுகி நிற்கிறது

இந்த ஜீப்பின் மரை (திருகுப் புரி) அமெரிக்க அங்குல மரை, பெரும்பாலும் நுண்மரை. பழைய ஆங்கிலேய மரையும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். ஆகவே 8 மில்லிமீட்டர் போல்ட் முதல் இரண்டு சுற்று அழகாகப் போகும். பிறகு இறுகும். ஸ்பானரால் வலிந்து திருப்பினால் பழைய மரை உரிந்துவிடும். எத்தனையோ வருடமாக இப்படித் திருப்பியதால் பல ஓட்டைகளில் இப்போது இரண்டு மரையும் இல்லை.

கழற்றிய போல்ட்டில் மரையளவிச் சீப்பை வைத்துப் பாருங்கள். 5/16 நுண்மரைக்கு அங்குலத்துக்கு 24 பல். ஓட்டை உரிந்திருந்தால் பெரிய போல்ட்டுக்குத் துளைக்காதீர்கள். கம்பிச் சுருள் மரை போட்டால் பழைய அளவிலேயே நிற்கும். பழைய சோனகத் தெருவில் போல்ட் வாங்கப் போகும்போது மாதிரி போல்ட்டையும் நட்டையும் சேர்த்துக் கொண்டு போங்கள். கடையிலேயே விரலால் கடைசி வரை திருப்பிப் பார்த்துத்தான் காசு கொடுக்க வேண்டும்.

இடது பக்கச் சில்லின் நட் கழலவில்லை

வலிந்து திருப்பாதீர்கள். போர்க்கால ஜீப்பின் இடது பக்கச் சில்லுகளுக்கு இடது மரை. கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். இது தெரியாமல் நீளக் குழாய் போட்டு எதிர்ப்பக்கம் திருப்பி ஸ்டட்டை முறித்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். முறிந்த பின் சிலர் நான்கு சில்லுக்கும் வலது மரை போட்டிருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு சில்லாகப் பாருங்கள்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. படை ஜீப்பின் மூல ரிம் இரண்டு பாதிகளை 8 நட்டால் சேர்த்துப் பூட்டியது. சில்லைக் கழற்றும் 5 நட் வேறு, ரிம்மைப் பிரிக்கும் இந்த 8 நட் வேறு. காற்று இருக்கும்போது இந்த 8இல் கை வைக்கவே கூடாது. வால்வின் ஊசியைக் கழற்றி, காற்று முழுவதும் போய், ரயரைக் கையால் அழுத்தி அமுங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் தொட வேண்டும். வீதியோர ரயர் கடையில் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். அங்கே வேலை செய்யும் பையன் இப்படி ஒரு ரிம்மை முன்னே பார்த்திருக்க மாட்டான்.

காலால் மிதித்தால் ஸ்டார்ட்டர் முனகுகிறது

மூல ஜீப்பில் ஸ்டார்ட்டருக்குச் சாவி கிடையாது. தரையில் ஒரு மிதி சுவிட்ச்தான். 12 வோல்ட்டிலிருந்து 6 வோல்ட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் முதலில் சந்திப்பது இந்த முனகலைத்தான். “6 வோல்ட் இப்படித்தான்” என்று பலர் சொல்வார்கள். அது தவறு. சரியாக இருந்தால் 6 வோல்ட் ஸ்டார்ட்டர் இந்த எஞ்சினை நன்றாகவே சுற்றும். மெதுவாகச் சுற்றும், ஆனால் தயங்காது.

காரணம் பெரும்பாலும் கேபிள். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். 12 வோல்ட்டுக்கு வாங்கிய மெல்லிய கேபிள் இதற்குப் போதாது. 50 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள் வாங்கி, முனைகளை அழுத்திப் பொருத்துங்கள். பற்றரியிலிருந்து சுவிட்சுக்கு, சுவிட்சிலிருந்து ஸ்டார்ட்டருக்கு, பற்றரியிலிருந்து சேசிக்கு, எஞ்சினிலிருந்து சேசிக்கு என்று நான்கும் தடிப்பாக இருக்க வேண்டும். நாலாவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். எஞ்சின் ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது, கரண்ட் திரும்பி வர வேறு வழி இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸ் கம்பத்திலும் (கிளிப்பில் இல்லை, கம்பத்தில்), மறு முனையை ஸ்டார்ட்டரின் உடலிலும் வையுங்கள். ஒருவர் மிதிக்க மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ திருட்டுப் போகிறது. என் ஜீப்பில் 1.8 காட்டியது. புது பெயின்ட் அடித்த சேசியில் அப்படியே கேபிளைப் பூட்டியிருந்தேன். ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தை இரும்பு பளபளக்கும் வரை சுரண்டி, பல் வொஷர் வைத்து இறுக்கினேன். அடுத்த மிதியில் எஞ்சின் சுற்றிய சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

கேபிள் சரி, ஸ்டார்ட்டரும் சுற்றுகிறது, ஆனால் தீப்பொறி மஞ்சளாகச் சோர்ந்து இருக்கிறதா? 12 வோல்ட் இக்னிஷன் சுருளை மாற்ற மறந்திருப்பீர்கள். பல்ப், ஹோர்ன், மீட்டர்கள் எல்லாமும் அப்படித்தான், ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

அம்மீட்டர் முள் அசையவில்லை

டைனமோ நெடுநாள் சும்மா கிடந்தாலோ, பழுது பார்க்கக் கழற்றினாலோ அதன் காந்தத் துருவம் போயிருக்கலாம். எஞ்சினை நிறுத்தி வைத்துக்கொண்டு, ரெகுலேட்டரில் பற்றரி முனையையும் ஆர்மேச்சர் முனையையும் ஒரு வயர்த் துண்டால் கண் இமைக்கும் நேரம் தொட்டு எடுங்கள். சின்னப் பொறி ஒன்று தெரிந்தால் போதும். பிடித்துக்கொண்டே இருந்தால் டைனமோ எரியும்.

தீப்பொறி உண்டு, பெற்றோலும் உண்டு, எஞ்சின் பிடிக்கவில்லை

கார்புரேட்டர் வழியே ‘பொட்’ என்று திருப்பி அடிக்கும், அல்லது பிடித்த மாதிரி இருந்து அணையும். தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை எவ்வளவு திருப்பினாலும் சரியான இடம் கிடைக்காது. நான் ஆறு வாரம் இதில் மாட்டிக்கொண்டு நின்றேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்த 2.2 லீட்டர் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் நேரடியாக கேம் தண்டிலிருந்து சுழல்வதில்லை. எஞ்சினின் இடது பக்கத்தில் வெளியே பூட்டியிருக்கும் ஒயில் பம்பைத்தான் கேம் தண்டு சுழற்றுகிறது. அந்தப் பம்பின் தண்டு வலது பக்கம் வரை போய் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுகிறது. ஆகவே ஒயில் கசிகிறது என்று பம்பைக் கழற்றி, ஒரு பல் தள்ளிப் பூட்டினாலே டிஸ்ட்ரிபியூட்டரின் நேரம் முழுவதும் தவறிவிடும். வயர்களை இடம் மாற்றிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். அது சரிவராது, ஒரு பல்லின் அளவும் ஒரு வயரின் அளவும் ஒன்றல்ல.

செய்ய வேண்டியது: எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். முதலாம் சிலிண்டரின் ஓட்டையில் பெருவிரலை வைத்து, முன்னாலிருந்து கைப்பிடிக் கம்பியால் எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். விரலைக் காற்று தள்ளும்போது அதுதான் அமுக்க அடி. இப்போது எஞ்சினின் பின்னால் வலது பக்கத்தில் பறக்கும் சில்லின் (ஃப்ளைவீல்) பார்வை ஓட்டையின் மூடியைத் திருப்பி, டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பற்றவைப்புக் குறி தெரியும், பிஸ்டனின் மேல் உச்சிக்கு 5 பாகை முன்னால். குறி நடுவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். ரோட்டர் முதலாம் வயரின் கம்பத்தைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் பம்பைத் திரும்ப வெளியே எடுத்து, ஒரு பல் நகர்த்திப் பூட்டுங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது முயற்சியில் சரிவரும்.

அதன்பின் பிளட்டினம் பொயின்ட் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் இடைவெளி 0.030. பற்றவைப்பு ஒழுங்கு 1-3-4-2. பொயின்ட் திறக்கும் கணத்தைப் பார்க்க 6 வோல்ட் பல்ப் ஒன்றை அதன் குறுக்கே கட்டுங்கள். குறி வரும்போது பல்ப் எரிய வேண்டும். பெற்றோலுக்கு யோசிக்க வேண்டாம், அமுக்க விகிதம் 6.48 மட்டும்தான், 92 ஒக்டேன் தாராளமாகப் போதும்.

கொழும்பு காலி வீதி நெரிசலில் நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது

வெள்ளவத்தையில் பகல் ஒரு மணிக்கு நின்றால் கோபம்தான் வரும். பெற்றோல் பம்பிலும் குழாயிலும் ஈரத்துணியைப் போட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். அதன்பின் எஞ்சின் பிடித்தால் பெற்றோல் குழாயில் ஆவியாகிறது என்பது உறுதி. டீசல் எஞ்சின் காலத்தில் குழாயின் பாதையை மாற்றியிருப்பார்கள், பெற்றோல் எஞ்சின் திரும்பி வந்ததும் அது புகைக்குழாய்க்குப் பக்கத்தில் போகும். மூலப் பாதையில் திருப்பிப் போடுங்கள். பிடிகிளிப் ஓட்டைகள் சேசியில் இருக்கும், அவற்றைத் தொடர்ந்து போனாலே பாதை தெரியும். ரேடியேட்டருக்குப் பின்னால் விசிறியைச் சுற்றி இருந்த தகட்டு மறைப்பும் டீசல் மாற்றத்தில் காணாமல் போயிருக்கும். அது அழகுக்காக வைத்ததல்ல. புகை மனிபோல்டின் உள்ளே இருக்கும் வெப்ப மடல் சூட்டுப் பக்கத்திலேயே இறுகி நிற்கிறதா என்றும் பாருங்கள்.

கிளச்சை விடும்போது எஞ்சின் துள்ளுகிறது

கிளச் தட்டை வாங்க ஓட வேண்டாம். மூல ஜீப்பில் எஞ்சின் முன்னால் தள்ளுப்படாமல் குறுக்குச் சட்டத்தோடு கட்டி வைக்க ஒரு சின்னக் கம்பிவடம் உண்டு. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது இல்லாவிட்டாலோ தொய்ந்திருந்தாலோ மிதி அழுத்தும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் நகரும். அது சரி என்றால் எஞ்சின் தாங்கி ரப்பரைப் பாருங்கள். பிறகு டீசல் எஞ்சினுக்காக சேசியில் வெல்ட் பண்ணிய தாங்கிகள் உரசுகின்றனவா என்று பாருங்கள். அந்தத் தாங்கிகளை வெட்டும்போது வாயுத் தீயால் வெட்டக் கூடாது. கிரைண்டரால் வெல்டை மட்டும் மெலியச் சீவி, உளியால் தட்டி எடுங்கள். சேசித் தகடு மெல்லியது, பின்னால் வேறு கிடைக்காது. பெற்றோல் தாங்கி உள்ளே இருக்கும்போது எந்தத் தீவேலையும் வேண்டாம்.

நான்கு சில்லும் சேர்த்தால் வண்டி இறுகுகிறது

தார் வீதியில் நான்கு சில்லுக்கும் எஞ்சின் விசையைச் சேர்த்து ஓட்டினால் எந்த ஜீப்பும் கொஞ்சம் இறுகும். சேற்றிலும் மணலிலும் அப்படி இருந்தால் முன்னச்சும் பின்னச்சும் வேறு வேறு பல்விகிதம். போர்க்கால ஜீப் 4.88, சிஜே 5.38. யாரோ ஒருவர் உடைந்த அச்சுக்குப் பதிலாக பஞ்சிகாவத்தையில் கிடைத்ததைப் பூட்டியிருப்பார். ஒரு சில்லை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்றதைத் தரையில் விட்டு, தூக்கிய சில்லை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். புரொப்பெல்லர் தண்டில் சோக்கட்டியால் கோடு போட்டு எண்ணுங்கள். ஐந்துக்குச் சற்றுக் குறைவு என்றால் மூல விகிதம். ஐந்தரைக்குக் கிட்ட வந்தால் சிஜே. முன்னும் பின்னும் இப்படி எண்ணிவிட்டுத்தான் அச்சு வாங்கப் போக வேண்டும்.

ஸ்டியரிங் உதறுகிறது

முதலில் ரயர். மூல அளவு 6.00-16. அகல ரயரைக் கழற்றினாலே பாதி உதறல் போகும். பிறகு முன் குறுக்குச் சட்டத்தில் இருக்கும் மணிநெம்பு, ஸ்டியரிங்கின் அசைவைச் சில்லுகளுக்குத் திருப்பிவிடும் நெம்பு அது. ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு விரல் அளவு இங்கும் அங்கும் ஆட்ட, நீங்கள் கீழே படுத்து மணிநெம்பைக் கையால் பிடித்துப் பாருங்கள். ஆட்டம் அங்கே தெரிந்தால் அதன் ஊசித் தாங்கியும் பின்னும் தேய்ந்துவிட்டன. லேத் பட்டறையில் புது பின் கடைந்து தருவார்கள். அதுவும் இல்லையென்றால் முன் சில்லு திரும்பும் கிங் பின் தாங்கியின் ஷிம்களை (மெல்லிய இடைத்தகடுகளை) எடுத்து இறுக்க வேண்டும்.

டீசல் எஞ்சினின் பாரத்துக்காக முன் வில்லில் கூடுதல் தகடு போட்டிருக்கலாம். பாரம் குறைந்த எஞ்சின் திரும்ப வந்ததும் மூக்கு மேலே தூக்கி நிற்கும். மூலத்தில் முன் வில்லில் 8 தகடு. எண்ணிப் பாருங்கள்.

ஓட ஓட பிரேக் தானாகப் பிடிக்கிறது

மிதியை விரலால் தள்ளிப் பாருங்கள். அரை அங்குலம் சும்மா போக வேண்டும். சும்மா போகாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுவதும் பின்னால் வரவில்லை, எண்ணெய் திரும்பும் சிறு துளை அடைபட்டிருக்கிறது. சூட்டில் எண்ணெய் விரிந்து பிரேக்கைப் பிடிக்கும். தள்ளுகோலின் நீளத்தைக் குறைத்தால் சரி.

தரைத் தகடு மீண்டும் மீண்டும் துருப்பிடிக்கிறது

டிங்கரிங் செய்து ஆறு மாதத்தில் அதே இடத்தில் பெயின்ட் கொப்பளித்தால் மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். தரைக்கு அடியில் தொப்பி வடிவச் சட்டங்கள் ஓடுகின்றன. அவற்றின் உள்ளே மூலத்தில் மரக்கட்டை வைத்திருந்தார்கள். மரம் மழைத் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். கொழும்பின் கடல் காற்றுக்கு அது போதும், தகடு உள்ளிருந்து தின்னப்படும். என் ஜீப்பில் ஸ்குரூடிரைவரால் குத்தியபோது இரும்புக்குப் பதில் ஈரமான கறுப்புத் தூள் கொட்டியது, பழைய தேயிலைத் தூள் மாதிரி. மேலே ஒட்டுத் தகடு போட்டவர் அதை அப்படியே மூடிவிட்டுப் போயிருந்தார். சட்டத்தைத் திறந்து, மரத்தை மாற்றி, புது மரத்துக்கு எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்து, வடிகால் ஓட்டைகளைத் திறந்து விடுங்கள்.

பதிவுப் புத்தகமும் வண்டியும் ஒத்துப்போகவில்லை

டீசலை எடுத்துப் பெற்றோல் எஞ்சின் வைத்தால் எஞ்சின் இலக்கமும் எரிபொருளும் மாறுகின்றன, பச்சை பெயின்ட் அடித்தால் நிறமும் மாறுகிறது. இவை நாரஹேன்பிட்டியில் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாக வேண்டும். எஞ்சின் வாங்கும்போதே பற்றுச்சீட்டை எடுத்து வையுங்கள்.

காற்றுக் கண்ணாடிச் சட்டத்தின் உள்பக்கத்தில் வரிசையாகச் சில ஓட்டைகள் இருந்தால் அவை நீங்கள் போட்டவை இல்லை, தோட்டக்காரர் போட்டவையும் இல்லை. துப்பாக்கி வைக்கும் தாங்கி அங்கேதான் இருந்தது. என் ஜீப்பில் அந்த ஓட்டைகளை யாரோ ஈயம் ஊற்றி அடைத்திருந்தார்கள். பாஸ் ஒரு மாலை முழுவதும் இருந்து சிறு ஊதுவிளக்கால் ஈயத்தை உருக்கி எடுத்தார். ஓட்டைகள் திறந்ததும் தன் விரலை ஒவ்வொன்றிலும் விட்டுப் பார்த்து, “எல்லாம் ஒரே அளவு தம்பி, இது பக்டரி போட்டது” என்றார். தாங்கியை வெறுமையாகவே பூட்டினோம்.